வீட்டுல நாய், பூனை, கோழி எல்லாம் இருக்கும்போது வில்வித்தை ப்ராக்டிஸ் பண்றது எப்படி

எங்க வீட்டுக்குப் பின்னாடி மதில் சுவருக்குள்ள ஒரு 25 மீட்டர் நீளத்துக்குக் காலி எடம் இருக்கு, அங்கதான் நாலு வருஷமா ரீகர்வ் வில்லு (நுனி ரெண்டும் முன்பக்கமா வளைஞ்சிருக்கும், ஒலிம்பிக்ல வர்ற வகை) வச்சு ப்ராக்டிஸ் பண்றேன். அதே எடத்துலதான் எங்க சிப்பிப்பாறை நாய் மணி ஓடும், நாட்டு நாய் கருப்பி வேப்பமரத்தடியில படுத்துக் கெடக்கும், அம்மா வளக்குற ஏழெட்டு கோழி மேயும், ஒரு ஆடு இருக்கு, அப்புறம் ஒரு பூனை, அது எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாது, ஆனா நம்ம வீட்லதான் சாப்பிடுது. வில்லு வாங்கியாச்சு, கிரவுண்டுக்குப் போக தூரமா இருக்கு, வீட்லயே பண்ணலாம்னா நாய் இருக்கேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. பண்ணலாம். ஆனா மொதல்ல ஒரு கணக்கு சொல்றேன், அது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

என் வில்லு 28 பவுண்ட், அதாவது நாணை முழுசா இழுத்துப் பிடிக்க அவ்வளவு பலம் வேணும். அதுல இருந்து போற அம்பு வினாடிக்கு ஏறக்கொறைய 50 மீட்டர் வேகத்துல போகும். டார்கெட் 18 மீட்டர்ல இருக்கு (இன்டோர் போட்டியில வைக்கிற அதே தூரம்), அப்ப அம்பு கைய விட்டு கெளம்பி போய்ச் சேர அரை வினாடி கூட ஆகாது. சரி, இப்ப நாய்க்கு வாங்க. மணி சும்மா ஜாலியா ஓடுனாலே மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும், அதாவது வினாடிக்கு 11 மீட்டர். அம்பு பறக்குற அந்த கொஞ்ச நேரத்துல அது 4 மீட்டர் குறுக்க வந்துரும். நீங்க நாணை இழுத்துப் பிடிச்சு குறி பாக்குறது ஒரு நாலஞ்சு வினாடி, அந்த நேரத்துல அது மொத்த எடத்தையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தடவ கடந்துரும். குறி பாக்கும்போது உங்க கண்ணுக்கு அந்த மஞ்சள் வட்டத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல என்ன வருதுன்னு பாக்கவே முடியாது. விட்ட அம்ப திருப்பிக் கூப்பிடவும் முடியாது.

அதனால "என் நாய் நல்ல ட்ரெயினிங் ஆன நாய், உக்காருன்னா உக்காந்துரும்"னு சொல்றவங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், ட்ரெயினிங் நல்லதுதான், ஆனா அம்பு விடும்போது அத நம்பக்கூடாது, கதவத்தான் நம்பணும். எதுத்த வீட்டுப் பூனை மதில்ல நடந்தா, தெருவுல ஒரு நாய் கொரைச்சா, எந்த ட்ரெயினிங்கும் அந்த நொடியில நிக்காது.

இத நான் சும்மா சொல்லல. ஆரம்பிச்ச ஆறாவது மாசமோ என்னவோ, ஒரு சாயங்காலம், மணிய தூண்ல கட்டிப்போட்டுட்டு அம்பு விட்டுட்டு இருந்தேன். முழுசா இழுத்துப் பிடிச்சு, குறி நல்லா செட் ஆகி, விடப்போற நேரம், அம்மா அடுப்பங்கரை ஜன்னல்ல இருந்து "டேய் நில்லு"ன்னு ஒரு சத்தம். எப்படியோ விடாம நாணை மெதுவா திருப்பி எறக்கிட்டேன். பாத்தா மணி டார்கெட் ஸ்டாண்டுக்குக் கீழ நின்னு மோந்து பாத்துட்டு இருக்கு, தூண்ல சங்கிலியும் காலரும் அப்படியே கெடக்கு. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாய்ங்களுக்கு கழுத்த விட தலை ஒடுக்கமா இருக்கும், பின்னாடி இழுத்தா சாதாரண பெல்ட் வழுக்கிட்டு வந்துரும், அது எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. இந்த ஜாதி நாய் வச்சிருக்கீங்கன்னா இழுத்தா இறுகுற மார்ட்டிங்கேல் காலர் போடுங்க, இல்ல ஹார்னஸ் போடுங்க, ஆனா அதுவும் நடக்கக் கூட்டிட்டு போறதுக்குத்தான், அம்பு விடும்போது நாய் ரூமுக்குள்ள, கதவு தாழ்ப்பாளோட.

இப்ப எடத்த எப்படி ரெடி பண்றதுன்னு பாப்போம்.

டார்கெட்டுக்குப் பின்னாடி முழு சுவர் இருக்கணும், கதவோ கேட்டோ ஜன்னலோ வேலி ஓட்டையோ இருக்கக்கூடாது. வீட்ல இருந்து பின்பக்கம் வர்ற வழி எல்லாமே நீங்க நிக்கிற எடத்துக்குப் பின்னால இருக்கணும், அப்பதான் யாராவது தெரியாம கதவத் தெறந்தாலும் ஆளோ நாயோ உங்க முதுகுப் பக்கம்தான் வரும். எனக்கு முன்னாடி டார்கெட் வேப்பமரத்துப் பக்கம் இருந்துச்சு, அங்க துணி தொவைக்கிற கல்லு, பக்கத்துல சின்ன கேட், எப்பவும் யாராவது வந்துட்டே இருப்பாங்க. மொத்தத்தையும் தலைகீழா மாத்துனேன், ஒரு நாள் வேலைதான், அதுக்கப்புறம் மனசுல பாதி பயம் போயிருச்சு.

சுவரு மட்டும் போதாது. சிமெண்ட் சுவத்துல அம்பு பட்டா ஒடஞ்சு எந்தப் பக்கம் வேணா திரும்பி வரும். டார்கெட்டுக்குப் பின்னாடி ஒரு அடி தள்ளி, பழைய தடிமனான கார்பெட்ட ரெண்டு மடிப்பா மேல இருந்து தளர்வா தொங்க விடுங்க, டார்கெட்ட விட ரெண்டு பக்கமும் நல்லா அகலமா இருக்கணும். இறுக்கி ஆணி அடிச்சா அம்பு துளைச்சுட்டுப் போயிரும், தொங்குனாத்தான் அது பின்னால நகர்ந்து வேகத்த வாங்கிக்கும். தார்ப்பாய் மட்டும் கட்டுனா பிரயோஜனம் இல்ல.

பக்கவாட்டுல கிரீன் நெட் கட்டுறாங்க நெறைய பேரு. அது நம்ம கண்ணுக்கு மறைப்பு, நாய்க்கு மறைப்பு இல்ல, மூக்க விட்டுத் தூக்கிட்டு உள்ள வந்துரும். கட்டுறதா இருந்தா வெல்டு மெஷ் (கம்பி வலை) கட்டுங்க, அடியில செங்கல் வரிசையா வச்சு மண்ணு போட்டு மூடிருங்க. தெருநாய் வர்ற சந்து, மதில் ஓட்டை எல்லாம் அடைங்க, கேட்டுக்கு உள் தாழ்ப்பாள் போடுங்க.

மொட்டை மாடியில பண்ணலாமான்னா, நான் வேணாம்னுதான் சொல்லுவேன். கைப்பிடி சுவரு மூணடிதான் இருக்கும், அதத் தாண்டி ஒரு அம்பு போனா 100 மீட்டருக்கு மேல போகும், கீழ யாரு இருக்காங்க எது படுத்திருக்குன்னு நமக்குத் தெரியாது. வேற எடமே இல்லன்னா மாடிப்படி ரூம் சுவர ஒட்டி டார்கெட் வச்சு 3, 4 மீட்டர்ல இருந்து மட்டும், டார்கெட் நெஞ்சு உயரத்துக்குக் கீழ, அதோட வில்ல மேல தூக்கி இழுத்துட்டு எறக்குற பழக்கம் இருந்தா அத மொதல்ல விட்டாகணும், மேல பாத்து இழுக்கும்போது கை வழுக்குனா அம்பு எங்க போகும்னு சொல்லவே முடியாது.

தூரத்தப் பத்தி கவலைப்படாதீங்க. ஒலிம்பிக்ல 70 மீட்டர்னு பாத்துட்டு வீட்ல 70 மீட்டருக்கு எங்க போறதுன்னு நினைக்க வேணாம். 3 மீட்டர்ல இருந்து டார்கெட் பேப்பரே ஒட்டாம, வெறும் ஃபோம்ல விட்டு விட்டுப் பழகுறது பெரிய ப்ளேயர்ஸ் கூட இன்னிக்கு வரைக்கும் பண்றதுதான். குறி பாக்குற வேலை இல்ல, ஒடம்பு நிக்கிறது, முதுகு இழுக்குறது, விரல் விடுறது மட்டும் பாக்கணும். வீட்டுக்கு இதவிட நல்ல ப்ராக்டிஸ் இல்ல, பிராணிங்க இருக்கிற வீட்டுக்கு இன்னும் நல்லது, ஏன்னா 3 மீட்டர்னா நடுவுல எது வந்தாலும் கண்ணுக்குத் தெரியும், தப்பிப் போற அம்பே கிட்டத்தட்ட இருக்காது. புதுசா ஆரம்பிக்கிறவங்க 18ல இருந்து 22 பவுண்டுக்குள்ள வில்லு வச்சு ரெண்டு மாசம் இது மட்டும் பண்ணுங்க.

இன்னொரு பழக்கம் இருக்கு, எனக்கு மணியக் காப்பாத்துனது அதுதான், ஆனா யாரும் தனியா சொல்லித் தர்றதில்ல. இழுத்த நாணை விடாம மெதுவா திருப்பி எறக்குறது. புதுசா பழகுறவங்களுக்கு இழுத்துட்டா விட்டே ஆகணும்னு தோணும், கை நடுங்கினாலும் விட்டுருவாங்க. அத மாத்தணும். வீட்ல யாரையாவது பின்னாடி நிக்க வச்சு, அவங்க இஷ்டத்துக்கு எப்பவாச்சும் "நில்லு"ன்னு சொல்லச் சொல்லுங்க. அந்த வார்த்தை கேட்ட உடனே எறக்கிரணும், யோசிக்கக்கூடாது. முப்பது தடவ இழுத்தா அதுல ஒரு அஞ்சு தடவயாவது இப்படி எறக்கிப் பழகுங்க. எங்க வீட்ல அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கூட தெரியும், நான் வில்லோட நிக்கும்போது எது நடந்தாலும் என் பேரச் சொல்லிக் கூப்பிடக்கூடாது, "நில்லு"தான். போட்டியில கூட விசில்லதான் எல்லாம் நடக்கும், ரெண்டு விசில்னா கோட்டுக்கு வா, ஒண்ணுன்னா விடலாம், மூணுன்னா போய் அம்பு எடுக்கலாம். வீட்ல எங்களுக்கு விசில் வேணாம், அந்த ஒரு வார்த்தை போதும். ஆனா எறக்குறதுன்னா அம்போட எறக்குறது, அம்பு இல்லாம இழுத்து நாணை மட்டும் விடுற வேலை மட்டும் எப்பவும் வேணாம், அந்த வேகம் மொத்தமும் வில்லுக்குள்ளயே போய் லிம்ப் (வில்லோட மேல் கீழ் வளையுற பாகம்) வெடிச்சுரலாம், பக்கத்துல இருக்கிற நாய்க்கும் உங்க மூஞ்சிக்கும்தான் ஆபத்து.

ஒவ்வொரு நாளும் நான் செய்ற முறை இது. காலையில நாய்ங்கள ஒரு அரை மணி நேரம் நடக்கக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து, தண்ணி வச்சு, ரூம்ல ஃபேன் போட்டு உள்ள விட்டுருவேன், மெல்லுறதுக்கு ஒரு எலும்பு இருந்தா ரெண்டும் நம்மள மறந்துரும். ஓடிக் களைச்ச நாய் தூங்கும், ஓடாத நாய் கதவப் பெராண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். வெயில்ல கட்டிப்போட்டுட்டு ப்ராக்டிஸ் பண்றது பாவம், அது வேணாம். கோழிய அன்னிக்குத் தெறந்தே விடுறதில்ல, பஞ்சாரத்துலயே இருக்கும், ஏழு மணிக்கு மேலதான் வெளிய. ஆடு கொட்டில்ல. பூனையத்தான் அடைக்க முடியாது, அதனால அது எங்கன்னு கண்ணால பாத்தே ஆகணும். எல்லாத்தையும் வாயால எண்ணுவேன், "மணி உள்ள, கருப்பி உள்ள, கோழி எட்டு, ஆடு, பூனை திண்ணையில"ன்னு. எண்ணி முடிச்சதுக்கு அப்புறம்தான் வில்லுக்கு நாணே மாட்டுவேன், முன்னாடியே மாட்டி வச்சா அவசரத்துல ஒண்ண விட்டுருவோம். ஒரு தடவைக்கு ஆறு அம்பு, ஆறும் விட்டதுக்கு அப்புறம் போய் எடுத்துட்டு வருவேன், ஒவ்வொரு தடவையும் டார்கெட்டுக்குப் பின்னாடி போய் குனிஞ்சு பாத்துட்டுத்தான் அடுத்த ஆறு. ஏன்னா பூனைக்கு அந்த கார்பெட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிற நெழல் ரொம்ப புடிக்கும். ரெண்டு தடவ அங்க சுருண்டு படுத்திருந்தத நானே பாத்திருக்கேன்.

பூனை வைக்கோல் கட்டு டார்கெட்டையும் விடாது, ஃபோம் டார்கெட்டையும் விடாது, நகம் தீட்டும். கோழி வைக்கோலக் கிண்டிரும், ஆடு டார்கெட் பேப்பரயே தின்னுரும் (ஒரு மாசத்துல எனக்கு நாலு பேப்பர் போச்சு). வைக்கோல் வச்சா எலி வரும், எலிக்குப் பின்னாடி பாம்பு வரும், அப்ப நாய்க்கு அது வேற ஆபத்து, அதனால எங்க பக்கம் மாதிரி எடத்துல வைக்கோல் வேணாம்னுதான் சொல்லுவேன். தீவன சாக்குல பழைய துணிய இறுக்கி அடைச்சுத் தச்சா 20 பவுண்ட் வில்லுக்கு அது போதும், செலவும் இல்ல, ஆனா துணியில பட்டன், ஜிப் இருந்தா வெட்டி எடுத்துருங்க, அம்பு அதுல பட்டுத் தெறிக்கும். முடிச்ச உடனே எது வச்சிருந்தாலும் தூக்கி உள்ள வச்சிருங்க.

மயில் வரும் எங்க பக்கம், தோட்டம் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். மதில்ல வந்து உக்காந்துச்சுன்னா வில்லக் கீழ வச்சுட்டு அது போற வரைக்கும் காத்துட்டு இருப்பேன், வேற வழி இல்ல. 1972 வனவிலங்கு சட்டத்துல மயிலுக்கு உச்சபட்ச பாதுகாப்பு, அது சட்டத்துக்கு. நமக்கு, அணிலோ காக்காவோ ஓணானோ, எந்த உயிரப் பாத்தும் விளையாட்டுக்குக் கூட குறி வைக்கக்கூடாது, சின்னப் பசங்க வீட்ல இருந்தா இத மொத நாளே சொல்லிருங்க.

சத்தத்தப் பத்தி. அம்பு டார்கெட்ல படுற "தொப்பு"ன்னு சத்தம் நமக்கு ஒண்ணும் இல்ல, தீபாவளி வெடிக்குப் பயப்படுற நாய்க்கு அது பெருசு. கருப்பி மொதல்ல கட்டிலுக்கு அடியில போயிரும். அப்பாவ அதுகூட ரூம்ல உக்கார வச்சு, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு கோழிக்கறி குடுக்கச் சொன்னேன், நாளுக்கு பத்து அம்பு மட்டும், ஒரு மூணு வாரம் ஆச்சு, இப்ப அந்த சத்தத்துல தூங்குது. ஆனா ஒண்ணு, வில்லப் பக்கத்துல வச்சுக்கிட்டு தின்பண்டம் குடுக்காதீங்க, அப்புறம் வில்லப் பாத்தாலே துள்ளிக்கிட்டு ஓடி வரும், நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர். ஏகலைவன் கதையில பாண்டவங்களோட நாய் காட்டுல அவன் பயிற்சி பண்ற எடத்துக்குப் போய்க் கொரைச்சதும், ஏழு அம்பால அதோட வாய அடைச்சதும் எல்லாருக்கும் தெரியும், எனக்கு அந்தக் கதையில மனசுல நிக்கிறது அந்த நாய்தான், நாய்ங்க ஆளு இருக்கிற எடத்துக்கு, சத்தம் வர்ற எடத்துக்கு வரத்தான் செய்யும், அது அதுங்க குணம், தள்ளி வைக்கிறது நம்ம பொறுப்பு.

அம்பு விடும்போது மட்டும்தான் ஆபத்துன்னு நினைக்காதீங்க, அதவிட சாமான வைக்கிறதுலதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. கார்பன் அம்ப நாய் கடிச்சா வெளிய லேசா பல்லு தடம்தான் தெரியும், உள்ள விரிசல் விட்டிருக்கும், அத வில்லுல வச்சு விட்டா சுக்கு நூறா ஒடஞ்சு உங்க கையிலயே குத்தும். அதனால ஒவ்வொரு தடவ எடுக்கும்போதும் ரெண்டு முனையையும் பிடிச்சு காதுகிட்ட வச்சு லேசா வளைச்சு, முறுக்கிப் பாருங்க, நறநறன்னு சத்தம் வந்தா தூக்கிப் போட்டுருங்க, யோசிக்காதீங்க. ஒடஞ்ச கார்பன் சிலாம்பு ஊசி மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது, நாய் பாதத்துல ஏறும், அது நக்கும், அப்புறம் நாக்குல ஏறும். ஒடஞ்சா அன்னிக்கு ப்ராக்டிஸ் அதோட முடிஞ்சது, டார்ச்ச தரையோட தரையா சாச்சு அடிச்சுப் பாத்து எல்லாத்தையும் பொறுக்கி, ஈரத்துணியால தொடச்சுட்டு, பேப்பர்ல சுத்தி குப்பையில போடுங்க.

பூனைக்கு நூலு. நாணோட பழைய நூல், நாண் மேல சுத்துற நூல், ஒரு சின்னத் துண்டக் கூட கீழ விடாதீங்க. பூனை நூல முழுங்குச்சுன்னா குடல்ல மாட்டி அப்படியே சுருட்டி இழுத்துரும், ஆபரேஷன் வரைக்கும் போகும். வாயிலயோ பின்னாலயோ நூல் தொங்குச்சுன்னா இழுக்காதீங்க, அப்படியே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. எறகு வச்ச அம்பு இருந்தா அதுவும் பூனைக்கு விளையாட்டுச் சாமான்தான், நான் அதனாலயே எறகுக்குப் பதிலா ஒட்டுற பிளாஸ்டிக் வேனுக்கு மாறிட்டேன். ஃபிங்கர் டாப் (நாண் இழுக்கும்போது விரலுக்கு மாட்டுறது) தோல்ல செஞ்சது, நம்ம கை வேர்வை ஊறுனது, நாய்க்கு அதவிட ருசி வேற இல்ல. எல்லாம் ஒரே பெட்டியில, பெட்டி பீரோ மேல.

கை நிறைய நேரம் இருக்கு ஆனா நாய அடைக்க மனசு வரலன்னு இருக்கிற நாள்ல எலாஸ்டிக் பேண்ட் எடுத்துக்கோங்க. கண்ணாடி முன்னாடி நின்னு இழுத்து 20, 30 வினாடி பிடிச்சு எறக்குறது, பத்து தடவ. தோளும் முதுகும் இதுல பலம் ஏறுற மாதிரி வேற எதுலயும் ஏறாது. நாய் பக்கத்துல படுத்திருக்கலாம், ஆனா மூஞ்சிக்கு நேரா இழுக்காதீங்க, பேண்ட் அறுந்தா கண்ணுல படும்.

நடக்கக்கூடாது, ஆனாலும் தெரிஞ்சு வச்சுக்கணும். எந்தப் பிராணி மேலயாவது அம்பு குத்துச்சுன்னா புடுங்காதீங்க. குத்துன அம்புதான் ரத்தத்த அடைச்சுட்டு இருக்கும், எடுத்தா கொட்டும். சுத்தி துணியச் சுருட்டி வச்சு அசையாம பிடிச்சுக்கிட்டு, வலியில நம்ம நாயே நம்மளக் கடிக்கும்ங்கிறதால வாய மூச்சு விட முடியற மாதிரி துணியால லேசா கட்டி (மூச்சு வாங்குச்சுன்னா கட்டாதீங்க) நேரா டாக்டர்கிட்ட. ஆடு மாடுன்னா 1962க்கு போன் பண்ணா கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பக்கத்துல ராத்திரி தெறந்திருக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு இப்பவே கேட்டு நம்பர சுவத்துல எழுதி ஒட்டிருங்க, நாமக்கல், திருநெல்வேலி, வேப்பேரி பக்கம் இருக்கிறவங்களுக்கு கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு.

முடிக்கும்போது வில்லுல இருந்து நாணக் கழட்டிட்டு, அம்ப எண்ணுவேன். என்கிட்ட எட்டு இருக்கு, எட்டுலயும் நம்பர் எழுதி வச்சிருக்கேன், எது இல்லன்னு உடனே தெரியும். ஒண்ணு கொறைஞ்சாலும் நாயத் தெறக்குறதில்ல. புல்லுக்குள்ள பாம்பு மாதிரி நொழஞ்சு போயிரும் அம்பு, மேல ஒண்ணுமே தெரியாது, நாய் கால்ல குத்துறது ஒரு பக்கம், அறுத்த புல்லோட இரும்பு முனை மாட்டுத் தீவனத்துல போய்ச் சேந்தா மாடு அப்படியே முழுங்கிரும். ஒரு தடவ ஏழாம் நம்பர் அம்பத் தேடி காலையில ஒம்போது மணி ஆயிருச்சு, கடைசில கறிவேப்பிலச் செடி அடியில மண்ணோட மண்ணா படுத்திருந்துச்சு. எடுத்துத் தொடச்சு வளைச்சுப் பாத்து பெட்டியில போட்டுட்டு, கோழிக்கூட்டத் தெறந்துவிட்டு, அப்புறம்தான் ரூம் கதவத் தெறந்தேன், மணி ஒரே ஓட்டத்துல நேரா டார்கெட் இருந்த எடத்துக்குப் போய் ஒரு சுத்து மோந்துட்டு வந்துச்சு.